பாடியவர் பெயர் என்ன?



திருப்பூர்க்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வெளியூரில் எங்கே நின்றாலும், எதிரில் வருபவரின் முகம் கண்ணில் படுவதற்கு முன்பே அவர் அணிந்திருக்கும் டி-ஷர்ட்டின் கழுத்துத் தையல் கண்ணில் பட்டுவிடும். ரிப் சுருங்கியிருக்கிறதா, தோள் தையல் நேராக ஓடியிருக்கிறதா, அடிமடிப்பில் பேட்லாக் தையல் நெளிகிறதா என்று மனம் தானாகக் கணக்கெடுக்கும். பிறகு லேபிளைப் பார்ப்போம். அதில் ஏதேனும் ஓர் அயல்நாட்டுப் பெயர் இருக்கும். இந்தியாவின் பருத்திப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் எங்கள் பகுதியிலிருந்துதான் கப்பலேறுகிறது. ஆனால் அந்த லேபிள்களில் எங்கள் ஊரின் பெயர் இராது. தைத்தவரின் பெயரை அங்கே தேடுவது வீண்.

சிறிய ஜாப் ஒர்க் யூனிட் ஒன்றை நடத்தி வருபவன் என்பதால் இன்னொன்றையும் சொல்ல முடியும். கட்டிங் முடிந்து தையலுக்கு வரும் ஒவ்வொரு கட்டிலும் எண் எழுதிய சீட்டு இருக்கும். செக்கிங்கில் ஓர் உருப்படி பிசகி வந்தால், எந்த மெஷினில் யார் தைத்தார் என்பதை ஐந்து நிமிடத்தில் கண்டறிந்துவிடலாம். பிசகாமல் வந்த ஆயிரம் உருப்படிகளை யார் தைத்தார் என்று எவரும் கேட்பதில்லை. சீட்டு முறை அதற்காக ஏற்பட்டதும் இல்லை.

பாட்டைப் பற்றி எழுத வந்தவன் பனியனைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதற்குக் காரணம் என் மகன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். பள்ளி நாட்களிலிருந்தே அவனுக்கு ஒரு பித்து: திரைப்படத்தில் வராத பாடகர்களைத் தேடுவது. தாமே எழுதி, தாமே மெட்டமைத்து, தாமே பாடி வெளியிடுபவர்கள்; இன்று சுயாதீனக் கலைஞர்கள் என்று பத்திரிகைகள் அழைக்கும் கூட்டத்தினர். அப்படி ஒருவரைக் கண்டுவிட்டால் அன்றைக்கு வீட்டில் சோறு இறங்காது. மஃரிப் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தால், “அத்தா, இதை மட்டும் கேளுங்க, இவரை இன்னும் யாருக்குமே தெரியாது” என்று காதில் கருவியைச் செருகிவிடுவான். அவனுடைய நண்பர்களும் அவ்வாறே. யார் முதலில் கண்டுபிடித்தது என்பதில் அவர்களுக்குள் சிறு சண்டைகூட வரும். பிறகு அந்தப் பாடகர் ஊரறிந்தவராகி, தேநீர்க்கடையிலும் அவர் பாட்டு ஒலிக்கத் தொடங்கியதும் இவர்களின் முகம் வாடிப்போகும்.

‘கண்டுபிடித்தேன்’ என்னும் அந்தச் சொல் எனக்கு எப்போதும் சற்று வேடிக்கையாகவே இருக்கும். அரபு வணிகரும் மரைக்காயரும் தலைமுறை தலைமுறையாக வந்துபோன கோழிக்கோட்டை 1498இல் வாஸ்கோ ட காமா ‘கண்டுபிடித்ததாக’ நாம் பள்ளியில் படித்தோம் அல்லவா? பத்தாண்டுகளாகப் பாடிக்கொண்டிருக்கும் ஒருவரை நேற்று இரவு பதினொரு மணிக்கு ஒரு மாணவன் கண்டுபிடிப்பதும் அந்த வகையைச் சேர்ந்ததே. ஆயினும் அந்த உவகையை நான் ஏளனம் செய்ய மாட்டேன். பெயரில்லாமல் பொருள்கள் வெளியேறும் ஓர் ஊரில், பெயரறியா மனிதர் ஒருவரின் பெயரைத் தெரிந்துகொண்டதற்காக ஒரு பிள்ளை துள்ளிக் குதிக்கிறான் என்றால், அது நல்ல துள்ளல்தான்.

அவனுடைய பித்தின் பெரும்பகுதி அறிவு என்னும் பாடகரைச் சுற்றியே இருந்தது. அரக்கோணத்துக்காரர். இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் முன்னின்று உருவாக்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு 2018 சனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடையேறியபோது அதில் பாடியவர்களுள் ஒருவர். அயோத்திதாசப் பண்டிதர் கையாண்ட ‘சாதியற்ற தமிழர்’ என்ற சொல்லாட்சியிலிருந்து பிறந்தது அக்குழுவின் பெயர். 2019இல் ‘தெருக்குரல்’ என்ற இசைத்தொகுப்பு வந்தது. அதே ஆண்டின் இறுதியில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திற்கு எதிராக நாடே கொந்தளித்த நாட்களில் வெளிவந்த ‘சண்ட செய்வோம்’ பாட்டின் வழியாகத்தான் நம் பிள்ளைகள் பலர் அவரை அறிந்தனர். எங்கள் வீட்டுக்கும் அவர் குரல் அப்படித்தான் வந்தது. நம் சமுதாயத்துக்கு வெளியே பிறந்த ஓர் இளைஞர் நம் அச்சத்தைத் தம் அச்சமாக எண்ணிப் பாடியது என் மகனின் வயதுப் பிள்ளைகளுக்கு எவ்வளவு தெம்பைத் தந்தது என்பதை நான் அருகிருந்து பார்த்தேன்.

2021 மார்ச் 7 அன்று ‘என்ஜாய் எஞ்சாமி’ வெளியானது. பாடகி தீயும் அறிவும் பாட, சந்தோஷ் நாராயணன் தயாரித்த பாட்டு. ஏ.ஆர். ரகுமானின் ஆதரவோடு தொடங்கப்பட்ட ‘மாஜா’ என்ற தளத்தின் வழியாக வந்தது. அதன் பிறகு அறிவை யாரும் தனியே கண்டுபிடிக்க வேண்டியிராமல் போயிற்று. கல்யாண வீட்டிலும் கட்சி ஊர்வலத்திலும் அந்தப் பாட்டுதான். என் மகன் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பாட்டின் வேரில் இருப்பவர் வள்ளியம்மாள், அறிவின் பாட்டி. இலங்கையின் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த குடும்பம். 1964இன் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழரை எண்ணிக்கையாகப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், மீதி ஏறத்தாழ 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்ளலாம் என்று. அப்படித் திரும்பியவர்களில் ஏராளமானோர் எங்களுக்கு அருகிலுள்ள நீலகிரியின் கூடலூர், கோத்தகிரிப் பக்கங்களில் குடியேறினர். அவர்களுக்கு வேலை தருவதற்காகவே அரசு அங்கே தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கியது. நட்டு வளர்த்த மண்ணில் உரிமையில்லாமல் போனவர்களின் ஒப்பாரி மரபிலிருந்து எழுந்த பாட்டு அது. ஆடிப் பாடுவதற்கு இலகுவாக இருப்பதால் அதன் துயரம் பலருக்குப் புலப்படவில்லை. கல்யாண மண்டபத்தில் அதற்கு ஆடியவர்களைக் குறை சொல்வதற்கில்லை, ஒப்பாரியிலேயே தாளம் இருக்கிறதே.

பிறகு நடந்ததுதான் என்னை இந்த விஷயத்திற்குள் இழுத்து வந்தது. 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் தீயும், புலம்பெயர்ந்த தமிழ்ப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இடம்பெற்றனர். சிறப்பித்துச் சொல்லப்பட்ட பாடல்கள் இரண்டிலும் அறிவின் எழுத்து இருந்தது. அட்டையில் அவர் இல்லை. பா. இரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டார், இரசிகர்கள் கொதித்தனர், இதழ் பின்னர் அறிவின் படத்தோடு ஓர் இணைய அட்டையை வெளியிட்டது. 2022 ஜூலையில் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அதே பாட்டு மேடையேறியபோதும் அறிவு இல்லை. பாட்டை எழுதி, மெட்டமைத்து, பாடியது தாம் என்றும், ஒரு சொல்லையோ மெட்டையோ எவரும் எடுத்துக் கொடுக்கவில்லை என்றும் அவர் எழுதினார். சந்தோஷ் நாராயணனும் தீயும் அது கூட்டு உழைப்பு என்று தத்தம் தரப்பை விளக்கினர். அறிவின் பங்கை எப்போதும் மதித்தே வந்திருப்பதாகவும் கூறினர். 2024இல் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டிலிருந்து தமக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை என்றார். உள்ளறையில் நடந்தவற்றுக்கு நாம் சாட்சிகள் அல்லர். தீர்ப்புச் சொல்வது நமக்கு முறையுமன்று. எனக்குத் தோன்றியது ஒன்றே. பல கோடி முறை கேட்கப்பட்ட பாட்டிலும் ‘இதை யார் செய்தது’ என்ற கேள்வி எழுகிறது. எங்கள் செக்கிங் மேசையைப் போல அங்கும் அது சிக்கல் வந்த பிறகே எழுகிறது.

அறிவு 2024இல் தம் தொகுப்புக்கு வைத்த பெயர் ‘வள்ளியம்மா பேராண்டி’. தம் பெயரை நிலைநாட்ட வேண்டிய நேரத்தில் பாட்டியின் பெயரை முன்னால் எழுதிக்கொண்டார். என் மகனுக்கு இதில் அளவற்ற பெருமை. எனக்கும்தான்.

இரசிகப் பித்து எங்கள் குடும்பத்துக்குப் புதிது என்று எண்ணிவிடாதீர்கள். என் அத்தா இசைமுரசு நாகூர் இ.எம். ஹனிபாவின் வெறியர். 1925இல் பிறந்து 2015 ஏப்ரலில் மறைந்த அந்தப் பெருங்குரல், ஏறத்தாழ முழுக்க முழுக்கத் திரையுலகுக்கு வெளியே நின்று தமிழகம் எங்கும் போய்ச் சேர்ந்தது. ‘குலேபகாவலி’, ‘பாவ மன்னிப்பு’, ‘செம்பருத்தி’ என்று விரல்விட்டு எண்ணத்தக்க படங்களிலேயே அவர் பாடினார். மீலாது மேடையிலும் திராவிட முன்னேற்றக் கழகத்தின் மேடையிலும் ஒரே கம்பீரத்தோடு நின்றவர். பக்கத்து ஊரில் கச்சேரி என்றால் அத்தா கடைசி ஷிப்டை விட்டுவிட்டுப் பேருந்து ஏறிவிடுவார். ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ பாட்டை முதன்முதலில் எங்கே, யாருடன், எந்தத் தேநீர்க்கடை வாசலில் கேட்டார் என்பதைத் தம் நிக்காஹ் நாளைச் சொல்வதைவிடத் துல்லியமாகச் சொல்வார். அந்தப் பாட்டை எழுதியவர் அப்துல் சலாம் என்று ஒருநாள் நான் சொன்னபோது, அவர் முகத்தில் சிறு அதிர்ச்சி. அத்தனை ஆண்டுகளாக அதை ஹனிபாவின் சொல்லாகவே கேட்டு வந்திருக்கிறார். கேசட் அட்டையின் உட்புறத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்த பெயர்களைத் தேடிப் படிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான். நாகூர் சலீம் உட்பட எத்தனையோ கவிஞர்கள் அந்தக் குரலுக்குள் மறைந்திருந்தார்கள். ஹனிபா மறைத்தார் என்று நான் சொல்லவில்லை. குரல் பெரிதாக இருக்கும்போது அதன் பின்னால் நிற்பவர் தெரிவதில்லை.

எழுதுபவரும் பாடுபவரும் ஒருவரே என்பது நமக்குப் புதிய செய்தியா என்றால் அதுவும் இல்லை. 1838இல் மறைந்த குணங்குடி மஸ்தான் சாகிபு, சுல்தான் அப்துல் காதிர் என்னும் இயற்பெயர் கொண்டவர், தாமே இயற்றிப் பாடிய ஞானியே. அவர் மீது திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் நான்மணிமாலையே பாடினார். சைவப் புலவர் ஒருவர் முஸ்லிம் பாடகர் ஒருவரிடம் உள்ளத்தைப் பறிகொடுத்து அதை நூலாக எழுதி வைத்த அந்த இரசிகத்தன்மைக்கு முன்னால், நம் பிள்ளைகள் இரவெல்லாம் விழித்துப் பகிரும் இணைப்புகள் எம்மாத்திரம்!

இசையைப் பற்றி ஆலிம்களிடையே, குறிப்பாக இசைக்கருவிகள் விஷயத்தில், கருத்து வேறுபாடு உண்டு என்பதை அறிவேன். அந்த வழக்கைத் தீர்த்து வைக்க எனக்குத் தகுதியில்லை. எங்கள் வீட்டிலேயே சின்னத்தா தஃப் ஒலிக்கு மேல் எதையும் கேட்க மாட்டார். அவர் இருக்கும்போது பிள்ளைகள் ஒலியைக் குறைத்துக்கொள்வார்கள். இங்கே நான் நினைவுகூர விரும்புவது அன்ஜஷா (ரலி) அவர்களை. கறுப்பினத்தவர், பணியாளர். பயணத்தில் ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டே இனிய குரலில் பாடுவார். அந்தப் பாட்டில் ஒட்டகங்கள் விரைந்து நடக்கும். பெண்கள் ஏறியிருக்கும் ஒட்டகங்களை மெதுவாக ஓட்டும்படி, அவர்களைக் கண்ணாடிக் குடுவைகளுக்கு ஒப்பிட்டு, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவரிடம் சொன்னதாக ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. இந்த ஹதீஸைப் பெண்களிடம் காட்ட வேண்டிய மென்மைக்குச் சான்றாகவே மேடைகளில் கேட்டிருக்கிறோம். நான் அதில் இன்னொன்றையும் பார்க்கிறேன். நாயகம் (ஸல்) அவர்கள் அவரைப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். வேலை செய்துகொண்டே பாடிய ஓர் எளிய மனிதரின் பெயர் பதினான்கு நூற்றாண்டுகளைக் கடந்து திருப்பூரில் என் உதட்டுக்கு வந்திருக்கிறது.

அது எப்படி வந்தது? இன்னாரிடமிருந்து இன்னார் கேட்டார், அவரிடமிருந்து இன்னார் கேட்டார் என்ற அறிவிப்பாளர் தொடரால் வந்தது. ஒரு செய்தியை எடுத்துச் சொல்லும்போது அதை யாரிடம் கேட்டோம் என்று சொல்லியாக வேண்டும் என்ற ஒழுக்கத்தை இத்தனை கண்டிப்புடன் கைக்கொண்ட சமுதாயம் நம்முடையது. வாட்ஸ்அப் குழுக்களில் ‘ஃபார்வர்ட்’ செய்யும்போது மட்டும் அது ஏனோ நமக்கு மறந்துபோகிறது. இதே ஊரில் 1925இல் முதல் பின்னலாடை ஆலையைத் தொடங்கியவர் குலாம் காதர் என்று தொழில் வரலாறு சொல்கிறது. காதர்பேட்டையில் மூட்டை கட்டும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தப் பெயரைக் கேட்டிருப்பார்கள்?

சென்ற ஆண்டு எங்கள் யூனிட்டிலேயே ஒரு ‘கண்டுபிடிப்பு’ நிகழ்ந்தது. ஓவர்லாக் தைக்கும் அம்மையார் ஒருவர், நாற்பதைக் கடந்தவர், தேனி மாவட்டத்தில் போடிப் பக்கத்திலிருந்து வந்தவர். அவர் தைத்துக்கொண்டே பாடுவார் என்பது எங்கள் அனைவருக்கும் தெரியும். மெஷின் இரைச்சலில் சொற்கள் கேட்பதில்லை, அவ்வளவே. ஒருநாள் மின்தடை. ஜெனரேட்டர் எடுக்கவில்லை. அந்த அமைதியிலும் அவர் பாட்டை நிறுத்தவில்லை. யூனிட்டே கைவேலையை நிறுத்திவிட்டுக் கேட்டது. மெஷினை மருமகளாக்கி ஏசும் பாட்டு. இத்தனை நூலைத் தின்றும் ஏனடி அறுக்கிறாய், எண்ணெய் ஊற்றியும் ஏனடி முனகுகிறாய் என்று போகும். நடுவில் திடீரென்று மலைக்கும் மழைக்கும் தாவும். பேக்கிங்கில் இருக்கும் ஒடிசாப் பையன்களுக்குத் தமிழ் அரைகுறை. அவர்களும் இரண்டாம் முறை வந்த வரியைச் சேர்ந்து பாடினார்கள்.

என் மகன் அன்று அங்கே இருந்தான். அவன் கண்களைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. “அக்கா, இதை ஒரு தடவை பதிவு பண்ணிக்கவா?” என்று கேட்டான். அவர் வெட்கப்பட்டுச் சம்மதித்தார். முகம் தெரியாமல், கைகளும் மெஷினும் மட்டும் தெரியும்படி எடுத்து, பெயரை மட்டும் அடியில் எழுதி வெளியிட்டான். இரண்டு நாளில் வேறு யாரோ அதை வெட்டி, பெயரை நீக்கி, தம் முத்திரையைப் பதித்துப் பரப்பிவிட்டார்கள். ‘திருப்பூர்த் தையல்காரியின் பாட்டு’ என்று அது எங்கள் ஜமாஅத் குழுவுக்கே திரும்பி வந்தது. எவரோ ஒருவர் மாஷா அல்லாஹ் என்றும் எழுதியிருந்தார்.

மகன் கொதித்துப்போனான். அறிவுக்கு நேர்ந்தது தன் கையாலேயே இன்னொருவருக்கு நேர்ந்துவிட்டதே என்பது அவன் துயரம். நீக்கச் சொல்லி எழுதினான், பதில் இல்லை. அந்த அம்மையாரிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தயங்கினான். மதிய உணவு வேளையில் நானும் உடனிருக்கச் சொன்னபோது, அவர் தூக்குப்போசியைக் கழுவி வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

“எம் பேரு போனாப் போகுது தம்பி. அந்த மலையப் பத்தி வர்ற வரி எங்கம்மா கட்டுனது. ஏலத்தோட்டத்துக்கு ஜீப்புல போறப்ப பாடுவாங்க. நீ மொத தடவ போட்டப்பவே அவங்க பேரு இல்லையே?”

மகனிடம் பதில் இல்லை. போடியிலிருந்து கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு விடியற்காலையில் பெண்களை அடைத்துக்கொண்டு மலையேறும் ஜீப்புகளை நானும் பார்த்திருக்கிறேன். அதனுள்ளிருந்து பாட்டு வந்திருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அன்றிலிருந்து அவன் கேட்கும் கேள்விகள் மாறியிருக்கின்றன. முன்பெல்லாம் ஒரு பாடகரைப் பற்றிச் சொல்லும்போது எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள் என்று தொடங்குவான். இப்போது, இவர் யாரிடம் கற்றார், இந்த மெட்டு எங்கே கிடைத்தது என்று தேடுகிறான். அந்த அம்மையாரிடமும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறான். எந்த வரி அம்மாவுடையது, எது அவர் சேர்த்தது, எது ஊரில் பொதுவாகப் பாடுவது என்று மூன்று பத்தியாகப் பிரித்து எழுதி வைத்திருக்கிறான். மூன்றாவது பத்தி நீண்டுகொண்டே போகிறது. அந்தப் பொது வரிகளையும் எவரோ ஒருவர்தானே முதலில் கட்டியிருப்பார் என்று அதற்கு வேறு கவலைப்படுகிறான்.

இந்தக் கட்டுரையில் அவர் பெயரை ஏன் எழுதவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அவரிடம் கேட்டேன். பாட்டை முழுதாகப் பதிவு செய்யும் நாளில் தம் அம்மாவின் பெயரும் தம் பெயரும் சேர்ந்து வரட்டும், அதற்கு முன்னால் எங்கேயும் வேண்டாம் என்றார். அந்தப் பதிவு இந்த வாரம் நடப்பதாக இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க வேண்டிய ஆர்டரில் இன்னும் நாலாயிரம் உருப்படிகள் மெஷினில் நிற்கின்றன. டெஸ்பாட்ச் முடியட்டும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை குரலும் தெளிந்திருக்கும் என்று அவரே நாளைத் தள்ளி வைத்துவிட்டார்.